அதவிட அண்ணனும் ஆமைக்கரட்டுக் கல்லும்

நாமக்கல்லில் லாரி வாங்கிக் கெட்டவர்கள் உண்டு. கோழிப்பண்ணை வைத்துக் கெட்டவர்கள் உண்டு. ரிக் வண்டி எடுத்துக்கொண்டு வடநாடு வரை ஆழ்துளைக் கிணறு போடப் போய்க் கெட்டவர்களும் உண்டு. பொறாமைப்பட்டே நன்றாக வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அதவிட அண்ணன்.

பெயர்க்காரணம் ஒன்றும் பெரிதில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் பதில் 'அதவிட' என்றுதான் ஆரம்பிக்கும்.

"எங்க தெருவுல மூணு நாளாத் தண்ணி வரலீங்கண்ணா."

"அதவிட எங்க தெருவுல ஒரு வாரமா வரலீங்க."

அன்று காலையில்தான் அவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, தெருவில் போகிறவர்கள் தலையில் கொட்டியிருக்கும். கஷ்டத்தில்கூட அடுத்தவன் தன்னை முந்துவதை அவரால் சகிக்க முடியாது.

தொழில், டயர் ரீட்ரெடிங் பட்டறை. தேய்ந்துபோன லாரி டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி, வேகவைத்து, மறுபடியும் ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. பட்டறை நன்றாகவே ஓடியது. ஆனால் எதிர்ச்சாரியில் வேறொருவர் பஞ்சர் கடை திறந்தபோது, "அவனுக்குப் பாருங்க, என்னமா பஞ்சர் ஆகுது" என்று அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் அவருடைய பக்கத்து வீட்டம்மா உடைத்த முட்டையில் இரண்டு மஞ்சள் கரு இருந்தது. தெருவே போய்ப் பார்த்தது. அண்ணன் போகவில்லை. நேராகப் பண்ணைக்குப் போய் அட்டை அட்டையாக முட்டை வாங்கிவந்து, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தார். எல்லா முட்டையிலும் ஒழுங்காக ஒரே ஒரு கரு. பிறகு பல நாளைக்கு அந்த வீட்டில் காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, ராத்திரி பொடிமாஸ். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். "இன்னமே எனக்கு முட்டைய மொகங்கொடுத்துப் பாக்க முடியாது தம்பி" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். மூன்று கரு உள்ள முட்டை ஒன்று வந்ததாகவும், யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அக்கா அதை வாணலியில் கலக்கிவிட்டதாகவும் அண்ணன் இன்றும் சொல்கிறார்.

ஒரு முறை, ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாவுக்குப் போயிருந்தோம். தெரு கொள்ளாத கூட்டம், இரண்டு செட்டு மேளம். அண்ணன் முகம் வாடிவிட்டது. எல்லோரும் செத்தவருக்காக வருந்துகிறார் என்று நினைத்தார்கள். திரும்பும் வழியில், "என்ற சாவுக்கு இதவிடக் கூட்டம் வரோணும் தம்பி" என்றார். அன்றிலிருந்து முன்பின் தெரியாதவர் சாவுக்கெல்லாம் மாலையோடு போக ஆரம்பித்தார். நாம் போனால்தானே நாளைக்கு அவர்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு.

எங்கள் நடைக் கூட்டத்தில் அவர் சேர்ந்த கதைதான் எல்லாவற்றிலும் மேல். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னதால் வாரநாளில் பார்க்கைச் சுற்றுவோம், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கரடு, அதாவது சின்னக் குன்று, ஏறுவோம். நாங்கள் கூடிக்கூடி மாத்திரை, பத்தியம் என்று பேசுவதைப் பார்த்து அண்ணனும் ரத்தம் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டது. லேப்பில் போய்ச் சண்டை போட்டார்.

"இவங்க அத்தன பேருக்கும் இருக்குது. எனக்கு மட்டும் எப்புடிங்க இல்லாமப் போகும்? நல்லாப் பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்போதும் இல்லை. ஆனாலும் அவர் நடக்க வந்துவிட்டார். சட்டைப்பையில் ஒரு மாத்திரை டப்பா வேறு. நாங்கள் மாத்திரை விழுங்கும் நேரத்தில் அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அது சீரக மிட்டாய் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

இப்பேர்ப்பட்டவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட எதுவும் கிடையாது. லாரி புக்கிங் ஆபீசில் காலம் முழுக்கக் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன் நான். நகை நட்டு, வண்டி வாகனம், தோட்டம் துரவு ஒன்றும் இல்லை. அப்படியும் அவர் சும்மா இருக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியின் பவர் தன்னுடையதைவிட அதிகம் என்று தெரிந்து ஒரு மாதம் மனம் நொந்து திரிந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் 'அதவிட' என்ற சொல் அவர் வாயில் வராது. நான் வாடகை வீடு மாற்றும் நாட்களில். வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார் என்று எனக்கு மாற்றலுக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பட்டறையின் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வந்துவிடுவார். பீரோவின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். அன்று முழுக்கப் பேசவே மாட்டார். சொந்த வீடே இல்லாத இவனிடம் என்ன போட்டி என்று விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு அந்தக் கல் கிடைத்தது.

சேந்தமங்கலம் பக்கத்தில் ஆமைக்கரடு என்று ஒரு குன்று. மேலே முருகன் கோயில். பாதி வழியில் ஒரு தட்டைப் பாறையும், அதன் ஓரத்தில் மோர் விற்கும் அம்மாவும் உண்டு. அந்தப் பாறை நிறைய கல்மேல் கல்லாகச் சின்னச் சின்ன அடுக்குகள் நிற்கும். சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் வேண்டிக்கொண்டு அடுக்கிவிட்டுப் போவது. அன்றைக்கு நான் அந்தப் பாறைக்குக் கீழே, புல்லில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். காலடியில் கிடந்தது. உள்ளங்கை அளவு, மங்கிய மஞ்சள் நிறம், ஆட்டுக்கிடாக் கொம்பு போல உள்ளுக்குள் சுருண்டு சுருண்டு போயிருந்தது. சுருள் நெடுக வரிவரியாக மேடு. உளி பட்ட தடம் எங்கும் இல்லை.

கூட்டத்தில் ஒருவர் செல்போனில் எதையோ தேடி, "இது கல்லா மாறிப்போன கடல் பிராணிங்க. புதைபடிவம்னு போட்டிருக்குது" என்றார். எல்லோரும் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். என் தோளைத் தட்டினார்கள். என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"அதவிட," என்றார் அண்ணன். "அதவிடப் பெருசா என்ற மாமனார் தோட்டத்துல கெடந்துச்சுங்க. கல்லுன்னு நெனச்சுக் கெணத்துல போட்டுட்டோம்."

மறுநாள் காலை வாசலில் அண்ணன் நின்றார். கல்லைப் பார்க்க வந்தாராம். அதற்கடுத்த நாளும் வந்தார். கல்லைக் கையில் எடுப்பார், திருப்புவார், பெருமூச்சு விடுவார், வைப்பார். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, இது பிராணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வரியப் பாருங்க. டயர் அச்சு. ஈரச் சிமிட்டி மேல வண்டி ஏறியிருக்குது. இந்தப் பேட்டர்ன் எங்க பட்டறையிலயே இருக்குதுங்க."

"டயர் எங்கண்ணா இப்புடிச் சுருண்டு ஓடும்?"

"டிரைவர் குடிச்சிருப்பாரு."

அதுவும் எடுபடவில்லை என்றதும், பட்டறைக்குப் பக்கத்துப் பேட்டரிக் கடையிலிருந்து ஒரு குப்பியில் ஆசிட் கொண்டுவந்தார். நான் அடுப்படியிலிருந்து டீயோடு வருவதற்குள் கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டார். அது சுர்ரென்று நுரைத்தது. "பாத்தீங்களா, பொங்குது. காஞ்சுபோன துணிசோப்புங்க இது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு டீயையும் நானே குடித்துவிட்டேன். நுரை அடங்கிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது.

இதற்குள் விஷயம் ஒரு நிருபர் காதுக்குப் போய், நாமக்கல்லில் கடல் இருந்ததா என்று அவர் போன் செய்து கேட்டார். படம் எடுக்க வருவதாகச் சொன்னார். அண்ணன் பொறுக்க முடியாமல், "கண்டவங்க சொன்னாப் போதுமா? படிச்சவங்ககிட்டக் காட்டுவோம் வாங்க" என்று என்னைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார். அது கல் இல்லை, சோப்பு என்று படித்தவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டிக்கெட்டைக்கூட அவர்தான் எடுத்தார்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நிலவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். மேல்தோல் பெயர்ந்திருந்த இடத்தில் எங்களையும் பார்க்கச் சொன்னார். கொத்தமல்லி இலையின் ஓரம் போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடின.

"அம்மோனைட்," என்றார். "கணவாய் மீன் இருக்கில்லையா, அதுக்குத் தூரத்துச் சொந்தம். இந்த ஓட்டுக்குள்ள குடியிருந்தது. வளர வளரப் புது அறை கட்டிக்கிட்டு முன்னால வந்துடும், பழைய அறைய மூடிடும். இந்தக் கோடெல்லாம் அந்த அறைச் சுவர் ஓட்டோட சேர்ற இடம். அருமையான பீஸ். ஓரத்துல இது என்ன வெள்ளையா?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, அடக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏனுங்க சார், இதவிடப் பெருசு இருக்குங்களா?"

"ஓ, லாரி டயர் அளவுக்கே இருக்குதே."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "லாரி டயரு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி திரும்பச் சொல்லிக்கொண்டார்.

"எங்கே எடுத்தீங்க?" என்று பேராசிரியர் கேட்டார். ஆமைக்கரடு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாய்ப்பே இல்லையே. சேலம், நாமக்கல் பாறையெல்லாம் பூமிக்கு அடியில கிடந்து வெந்து வந்த பாறை. இந்தப் பிராணி உலகத்துல தோன்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆனது. அதுல இது இருக்க முடியாது. இது சுண்ணாம்புக்கல். கடல் இருந்தது அரியலூர்ப் பக்கம். அங்கேருந்து யாரோ கொண்டுவந்து போட்டிருக்கணும்."

யாரோ என்றுதான் அவர் சொன்னார். பஸ் ராசிபுரம் தாண்டுவதற்குள் அந்த யாரோ நானாகிவிட்டேன்.

"அரியலூர்ல வாங்கியாந்து போட்டுட்டு, கண்டெடுத்தேன்னு சொல்லிப்போட்டாரு நம்ம தம்பி" என்று அண்ணன் மறுநாள் பார்க் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் இரண்டொருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் பொறாமைப்படும்படி ஒரு பொருள் கைக்கு வந்திருக்கிறது. அது என்னைப் பொய்யனாக்கிவிட்டுப் போவதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கரட்டுக்கு வாருங்கள், எடுத்த இடத்தைக் காட்டுகிறேன் என்றேன். நிருபரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறைக்குக் கீழே நின்று, கல்லைக் கையில் தூக்கிப் பிடித்து, இதோ இங்கேதான் என்று காட்டினேன். மோர்க்கார அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க சாமி, இது அந்த லாரி டிரைவர் தம்பி வெச்ச கல்லுங்களே. உங்க கைக்கு எப்புடி வந்துச்சு?"

எல்லாம் விளங்கிவிட்டது. டிரைவர் கீழே இருக்கும் ஊர்க்காரர். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பவர். லோடில் ஒருநாள் இந்தச் சுருள் கல் கண்ணில் பட, அழகாக இருக்கிறதே என்று எடுத்துவைத்து, வீட்டு வேண்டுதலுக்கு அடுக்கியபோது உச்சிக் கல்லாக வைத்திருக்கிறார். ஆடுகள் ஏறி அடுக்கைச் சரித்துவிட்டன. மற்ற கற்கள் பாறையிலேயே கிடந்தன. இது மட்டும் உருண்டு என் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

"அந்தப் புள்ள தேடாத எடமில்லைங்க" என்ற அம்மா, அவருக்குப் போனும் போட்டுவிட்டார்.

டிரைவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். முப்பது வயது இருக்கும். கல்லைப் பார்த்ததும் பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோய் வெகுநாளாகிறதாம். அடுக்கு சரிந்த சேதி கேட்டதிலிருந்து அவர் மனைவி, கட்டுகிற வீட்டுப் பக்கமே போவதில்லையாம்.

"உங்களுக்கு வேணும்னா வெச்சுக்கங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க எடுத்ததுல தப்பொண்ணும் இல்லீங்க. நான் வேற கல்லு வெச்சுக்கறேன். என்ற சம்சாரத்துக்குத்தான் எப்புடிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை நிருபர் வருகிறார். சலவைச் சட்டை தயாராக இருக்கிறது. இந்த டிரைவருக்கு அரியலூர் முழுக்கக் கல், எனக்கு இது ஒன்றுதானே என்று மனசுக்குள் வழக்காடிக்கொண்டு நின்றேன்.

சட்டென்று அதவிட அண்ணன் என் கையிலிருந்து கல்லைப் பிடுங்கினார். "இந்தா சாமி, உன்ற ஊடு. போயி வெய்யி" என்று டிரைவர் கையில் திணித்துவிட்டார்.

டிரைவர் பழைய கற்களை அடுக்கி, உச்சியில் அதை வைத்துக் கும்பிட்டார். ஓரத்தில் இந்த வெள்ளைத் தழும்பு ஏது என்று கேட்டார். அண்ணன் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

இறங்கும்போது அண்ணன் உற்சாகமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார். எனக்கு அவரைக் கரட்டிலிருந்து உருட்டிவிடலாமா என்றிருந்தது. தனக்கில்லாத கல் இவனுக்கும் வேண்டாம் என்றுதானே பிடுங்கிக் கொடுத்தார்? நிருபரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணனோடு பேசுவதையும் விட்டுவிட்டேன். பார்க்கில் அவர் ஒரு பக்கம் சுற்றினால் நான் எதிர்ப்பக்கம் சுற்றினேன். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

சில மாதம் கழித்து டிரைவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தது. போனேன். அண்ணனும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரை ஒரு தட்டு தட்டி, "அதவிட எங்க ஊட்டுச் செவுரு கனமுங்க" என்றார். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை வழியனுப்ப வந்த டிரைவர் என்னிடம் சொன்னார்.

"சார், உங்க ஊடும் நல்லா நிக்குதுங்க."

"எனக்கேது தம்பி ஊடு? வாடகை ஊடுதான்."

"மேல கரட்டுல இருக்குறதச் சொன்னனுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் நான் தனியாக ஏறினேன். டிரைவருடைய அடுக்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நின்றது, அதைப்போல இரண்டு பங்கு உயரத்தில். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ பிதுங்கியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். டயர் ஒட்டுகிற ரப்பர் பசை. ஆடு என்ன, ரிக் வண்டியே மோதினாலும் அந்த அடுக்கு சரியாது. உச்சியில் கல் இல்லை. ரீட்ரெட் ரப்பர் பட்டையை உள்ளுக்குள் சுருட்டி, வரிவரியாக மேடு வெட்டி, வேகவைத்து ஒரு சுருள் செய்து வைத்திருந்தது. டிரைவர் கல்லைவிடப் பெரிது. ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு.

மோர்க்கார அம்மா சொம்போடு வந்தார்.

"அந்த டயர்க்காரருங்க. ரெண்டு தரம் சரிஞ்சுபோச்சு, மூணாந் தரம் கோந்தப் போட்டு ஒட்டிப்போட்டாரு. உங்களுக்கு ஊடு இல்லீங்களான்னு கேட்டேன். 'எனக்கில்லம்மா. என்ற தம்பி பீரோவத் தூக்கிக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு. டிரைவர் ஊட்டவிட அவருக்குப் பெருசா அமையோணும்'னு சொல்லிப்போட்டு, உக்காந்து ஒரு மோரு குடிச்சாருங்க."

நானும் உட்கார்ந்து ஒரு மோர் குடித்தேன். இத்தனை காலம் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனுஷன், ஒருமுறை எனக்காகவும் பொறாமைப்பட்டிருக்கிறார்.

கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அண்ணன். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு முந்தியே வந்துட்டீங்களா தம்பி? நான் இதவிட வெள்ளன வாரேன்னு இருந்தேன், உங்க அக்காதான் எழுப்பல."

"வாங்கண்ணா" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன். அடுக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், அதவிட உயரமாக இன்னொருத்தருக்கு வேறொரு கரட்டில் அடுக்கியிருக்கிறேன் என்பார். அதை என்னால் தாங்க முடியாது.